நாட்டு வைத்தியர் பாட்டாவைத் தாள்களில் தேடிய கதையும் தேடும் வழியும்

இரணியலுக்கும் திங்கள்நகருக்கும் நடுவே எங்கள் ஊரில் ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. ஊரார் அதை வைத்தியன்விளை என்பார்கள். இப்போது அது எங்களுடையதும் இல்லை, அங்கே வைத்தியரும் இல்லை. என் அப்பாவின் பாட்டா (தாத்தா), அதாவது என் பூட்டன், நாட்டு வைத்தியர். எலும்பு முறிவு, வர்மம், வாதம் எல்லாம் பார்த்தவர். அவரால் வந்த பெயர் அது. அவரைப் பற்றி வீட்டில் எனக்குச் சொல்லப்பட்டது மொத்தம் மூன்றே வரி: பெரிய ஆசான், குதிரையில்தான் போவார், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி சாமர்வெல் டாக்டரே வீடு தேடி வந்து அவரிடம் வர்மம் கேட்டுப் போனார். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வுபெற்ற பிறகு, இந்த மூன்றில் எத்தனை தேறும் என்று பார்க்க உட்கார்ந்தேன். ஒன்றுதான் தேறியது. அந்த மூன்று வருஷத் தேடலில் எந்த வழி பலித்தது, எங்கே வீணாக அலைந்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் குடும்பத்திலும் ஒரு வைத்தியர் பாட்டா இருந்தால் உதவும்.

என் அப்பா ஆதாரம் எழுதிப் பிழைத்தவர். எங்கள் பக்கம் கிரயப் பத்திரத்துக்கு ஆதாரம் என்றுதான் பேர். அவர் அடிக்கடி சொல்வது: "ஒருத்தனப் பத்தி அறியணும்னா அவன் சொத்துல தேடாத மக்கா, அடுத்தவன் எல்லையில தேடு." அப்போது எனக்கு அது தொழில் பேச்சாகத்தான் பட்டது. நாட்டு வைத்தியரைத் தேடுகிறவர்களுக்கு அதைவிடச் சரியான யோசனை கிடையாது. வைத்தியர் தன்னைப் பற்றி எதுவும் எழுதி வைக்கமாட்டார். ஏட்டில் மருந்து இருக்கும், மருந்து செய்தவர் இருக்கமாட்டார். அவருக்குப் பணம் பாக்கி வைத்தவர்கள், மருந்துச் சரக்கு விற்ற கடைக்காரர், பக்கத்து நிலத்துக்காரர், இவர்கள் தாளில்தான் அவர் கிடைப்பார்.

முதலில் கொல்லம் ஆண்டு

எந்தப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னும் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். 1956 நவம்பர் 1 வரை நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவிலும் பழைய தாள்களில் இருப்பது கொல்லம் ஆண்டுதான். அது ஆவணி முதல் தேதி, அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கும். ஆகவே ஆங்கில ஆண்டு தெரிய, ஆவணியிலிருந்து டிசம்பர் கடைசி வரைக்கும் 824 கூட்டவேண்டும். ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825. மார்கழி இரண்டு பக்கமும் கால் வைத்திருப்பதால் தேதியைப் பார்த்துத்தான் கூட்டவேண்டும்.

கணக்கு டீச்சரான நானே இதில் சறுக்கினேன். பூட்டனின் ஜாதக ஓலையில் ௲௨௰௭ மாசி என்று இருந்தது, அதாவது 1027. அவருடைய அண்ணன் ஜாதகத்தில் 1026 ஐப்பசி. இரண்டுக்கும் 824 கூட்டினேன். அண்ணன் 1850 அக்டோபர், தம்பி 1851 பிப்ரவரி. நாலு மாதத்தில் இரண்டாவது பிள்ளை! இரண்டு தாரமோ, தத்துப்பிள்ளையோ என்று ஒரு வாரம் கதை கட்டிக்கொண்டிருந்தேன். மாசிக்கு 825 கூட்டவேண்டும் என்று உறைத்ததும் தம்பி 1852 பிப்ரவரிக்குப் போனார், குடும்ப மானம் பிழைத்தது.

தாள் மலையாளத்தில் இருந்தால் மாதப் பெயர்கள் மாறும். சிங்ஙம் என்றால் ஆவணி, அங்கிருந்து கன்னி, துலாம், விருச்சிகம், தனு, மகரம், கும்பம், மீனம், மேடம், இடவம், மிதுனம், கர்க்கடகம் என்று வரிசையாக ஆடி வரை போகும். நூற்றாண்டை விழுங்கிவிட்டு வெறும் இரண்டு இலக்கம் எழுதும் பழக்கமும் உண்டு. பாட்டிமார் "தொண்ணூத்தொம்பது வெள்ளம்" என்பது 1099, அதாவது 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம். அது மத்திய திருவிதாங்கூரைத்தான் அதிகம் அடித்தது என்றாலும், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வயது சொல்ல அதையே பிடித்துக்கொள்வார்கள்.

பெட்டியில் என்ன இருக்கும்

எங்கள் வீட்டில் பத்தாயத்துக்குப் பின்னால் ஒரு பலாமரப் பெட்டி கிடந்தது. உள்ளே நான்கு ஏட்டுக்கட்டு, இரண்டு நீள நாள்வழி நோட்டு, ஒரு துணிப்பையில் சீட்டுகள், உடைந்த தராசுத் தட்டு ஒன்று, கறையான் புற்று. கறையானுக்குத்தான் எங்கள் குடும்ப வரலாறு அதிகம் தெரிந்திருக்கும்.

ஏட்டுக்கட்டை ஆர்வத்தில் உடனே பிரிக்காதீர்கள். காய்ந்த ஓலை நடுவில் முறியும். நான் முதல் கட்டின் கயிற்றை இழுத்த இழுப்பில் இரண்டு ஓலை துளையோடு பிளந்தது, இன்றும் பார்த்தால் வருத்தம்தான். கட்டை அப்படியே நிழலில் இரண்டு நாள் வையுங்கள். மெல்லிய தூரிகையால் தூசி தட்டுங்கள். பிறகு பருத்தித் துணியில் புல்தைலம் தொட்டு ஓலையின் நீளவாக்கில் பைய ஒற்றி எடுங்கள். அது ஓலைக்குக் கொஞ்சம் நெகிழ்வு தரும், பூச்சியும் அண்டாது. வெயிலில் உலர்த்த வேண்டாம். எழுத்து தெரியவில்லை என்றால் கோவை இலைச்சாற்றில் கரி குழைத்துத் தடவித் துடைப்பது பழைய முறை. நீங்களாகச் செய்யாமல், தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செல்பேசியில் படம் எடுக்க அதுகூடத் தேவையில்லை. சன்னல் ஓரம் வைத்து ஒளி பக்கவாட்டில் விழும்படி எடுத்தால் கீறல் நிழல் கட்டித் தானே தெரியும். எடுக்கும்போது ஓலைக்குப் பக்கத்தில் ஒரு அளவுகோலும் வரிசை எண் எழுதிய துண்டுக் காகிதமும் இருக்கட்டும். நான் எண் போடாமல் இருநூறு படம் எடுத்துவிட்டு, எந்த ஓலைக்கு எது பின்பக்கம் என்று தெரியாமல் மறுபடியும் எடுத்தேன்.

படிப்பது அடுத்த பாடு. ஓலை எழுத்தில் மெய்க்குப் புள்ளி இருக்காது. எகர ஏகார வேறுபாடு இல்லை, ஒகர ஓகாரமும் அப்படியே. துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். முதல் இரண்டு மாதம் எனக்கு எல்லாமே புதிர்தான். ஒரு தந்திரம் கைகொடுத்தது: உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மருந்துப் பெயர்களைத் தேடுங்கள். சுக்கு, மிளகு, திப்பிலி எப்படியும் வரும். அந்த மூன்று சொல்லிலிருந்தே அந்தக் கையின் எழுத்துகளில் பாதி பிடிபடும். அளவுகளில் கால் என்பதை வ போலவே எழுதியிருப்பார்கள். "சுக்கு வ பலம்" என்று கண்டால் எழுத்துப்பிழை என்று திருத்திவிடாதீர்கள், அது கால் பலம். பழைய தென் திருவிதாங்கூர் ஓலைகள் சில மலையாண்மை, வட்டெழுத்து என்ற பழைய எழுத்துமுறைகளில் இருக்கும். அதற்கு வீட்டில் உட்கார்ந்து முட்டி மோதுவதைவிட, காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம் இருக்கிறது, படங்களோடு அங்கே போவது நல்லது.

ஏட்டில் மருந்துப் பாட்டைவிட முதல் ஓலையும் கடைசி ஓலையும்தான் நமக்கு முக்கியம். எழுதி முடித்த நாள், யாருடைய ஏட்டைப் பார்த்து எழுதியது, யாருக்குச் சொந்தம் என்பது அங்கேதான் இருக்கும். எங்கள் கட்டில் ஒன்றின் கடைசி ஓலை: 1049 ஆனி மாதம், இன்ன ஊர் ஆசான் ஏட்டைப் பார்த்து எழுதி நிறைந்தது, கண்டெடுத்தவர் தந்துவிடவும். 1049 ஆனி என்றால் 1874 ஜூன். பூட்டனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஆசானுடைய ஏட்டைப் படியெடுப்பது படிப்பின் ஒரு பகுதி. ஆக, அந்த வயதில் அவர் மாணாக்கர். அந்த ஊர் விளவங்கோடு தாலுகாவில் இருப்பதால், படிக்க அங்கே போயிருக்கிறார். மூன்று வரியில் இல்லாத நான்காவது வரி இப்படிக் கிடைத்தது.

ஏட்டில் உள்ள மருந்தைச் செய்து பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். பாஷாணமும் பாதரசமும் சேருகிற முறைகளில், சுத்தி செய்யும் பக்குவத்தை ஏட்டில் எழுதாமல் வாய்வழியாகச் சொல்லியே விட்டிருப்பார்கள். பழஞ்சாமான் வாங்க வருகிறவர்களிடம் கட்டைக் கொடுக்கவும் வேண்டாம்.

நாள்வழி: உண்மையான புதையல்

ஏட்டைவிட எனக்கு அதிகம் தந்தது அந்த இரண்டு நாள்வழி நோட்டுகள். ஏடு பரம்பரையினுடையது, நாள்வழிதான் அந்த மனிதருடையது. தேதி, ஆள், ஊர், என்ன கேடு, என்ன கொடுத்தது, என்ன வந்தது. ஒரு வரிக்கு மேல் எதுவும் இல்லை.

முதலில் பணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். அதாவது ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை. நோட்டில் "ச" என்று மட்டும் இருந்தால் சக்கரம். ஆனால் எங்கள் பூட்டனுக்குக் காசாக வந்தது குறைவு. நெல் மரக்கால் கணக்கில், தேங்காய், கருப்பட்டி, குளச்சல் பக்கத்திலிருந்து கருவாடு. ஒரு வரியில் "கோழி 1, பிழைத்தால் இன்னொன்று" என்று இருக்கிறது. அந்த இன்னொரு கோழி வந்ததா என்று இரண்டு நோட்டையும் புரட்டினேன், காணவில்லை.

இதைப் படிக்க நான் செய்தது எளிய வேலை. பெரிய கட்டம்போட்ட நோட்டில் நான்கு பத்தி கிழித்தேன்: மாதம், ஊர், கேடு, கூலி. ஒவ்வொரு வரியாக ஏற்றினேன். எழுநூற்றுச் சொச்சம் வரி, எட்டு மாதம் ஆயிற்று. ஏற்றி முடித்ததும் மாதப் பத்தியை மட்டும் எண்ணிப் பார்த்தேன். மாசியிலிருந்து ஆனி வரை "பனையிலிருந்து விழுந்தது" என்று அடுக்கடுக்காக வருகிறது. மற்ற மாதங்களில் அபூர்வம். அதுதான் பதநீர்க் காலம். காலையும் மாலையும் ஆள் பனையில் ஏறி இறங்கும் மாதங்கள். இந்த மாவட்டத்தில் எலும்பு கட்டுகிறவரும் வர்ம ஆசானும் ஏன் இத்தனை பேர் என்பதற்கு இதைவிட நேரான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. களரி, அடிமுறை, சிலம்பம் எல்லாம் உண்டுதான். ஆனால் என் பூட்டனின் அடுப்பெரிந்தது பனைமரத்தால்.

விழுந்தவர்களுக்கு எழுதியிருப்பதும் கவனிக்கத்தக்கது. "அடங்கல் செய்து எண்ணெய் வைத்தது" என்று வரும். வர்மத்தில் அடிபட்டு மயங்கியவரை எழுப்பும் முறைக்கு அடங்கல் என்று பேர். எந்த அடங்கல், எந்த இடம் என்று ஒரு வரியில்கூட இல்லை. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்ற கணக்கு ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இடத்தையும் முறையையும் ஆசான் நம்பிய சீடனுக்குத்தான் சொல்வார். ஆகவே நோட்டில் அது இல்லையே என்று ஏமாறவேண்டாம். எழுதாமல் விட்டதும் தொழில்தான்.

ஊர்ப் பத்தியை எடுத்துத் தாலுகா வரைபடத்தில் பென்சிலால் புள்ளி வைத்தேன். பெரும்பாலும் நெய்யூர், இரணியல், திங்கள்நகர், குளச்சல், திருவிதாங்கோடு, தக்கலை. காலையில் நடந்து போய் இரவுக்குள் திரும்பும் தூரம். தூரத்துப் புள்ளி மூன்றே மூன்று, அதில் ஒன்று மருந்துவாழ்மலை. அங்கே நோயாளி இல்லை, "மூலிகை வகைக்குப் போய் வந்தது, வண்டிக்கூலி ச 6" என்று செலவுப் பக்கத்தில் இருக்கிறது. வண்டிக்கூலி வேறு நாலைந்து இடத்தில் வருகிறது. குதிரைக்குக் கொள், புல், லாடம் என்று ஒரு காசுகூட இல்லை. குதிரை அத்தோடு இறங்கிப் போய்விட்டது.

துணிப்பையில் இருந்த சீட்டுகளையும் விட்டுவிடாதீர்கள். கோட்டாற்றுக் கடைகளிலிருந்து வந்த அங்காடி மருந்துச் சீட்டுகள் அவை: குந்திரிக்கம், நல்லெண்ணெய், தேவதாரம், சீரகம். பச்சை மருந்தை வைத்தியர் வேலியோரத்தில் பறித்துக்கொள்வார், அதற்குச் சீட்டு இராது. ஒரே மாதத்தில் மூன்று முறை எண்ணெய் வாங்கியிருந்தால் அந்த மாதம் பெரிய காய்ச்சு நடந்தது என்று வைத்துக்கொள்ளலாம். தேதி இல்லாத கடிதமோ கார்டோ கிடைத்தால் தபால்தலையைப் பாருங்கள். சங்குச் சின்னம் போட்ட திருவிதாங்கூர் அஞ்சல் தலை 1888-இல் தொடங்கியது. அந்தத் தனி அஞ்சல் 1951-இல் இந்தியத் தபாலோடு சேர்ந்தது.

ஒரு எச்சரிக்கை. நாள்வழியில் இருக்கிற பெயர்களின் பேரப்பிள்ளைகள் அடுத்த தெருவில் இருப்பார்கள். மேகநோய், குட்டம், கருக்கலைவு எல்லாம் பெயரோடு எழுதியிருக்கும். நான் உறவினர்களுக்குக் கொடுத்த நகலில் ஆள் பெயர்ப் பத்தியை மறைத்துவிட்டுத்தான் கொடுத்தேன். ஒரு சித்தப்பா கோபித்துக்கொண்டார். கோபிக்கட்டும்.

எல்லையில் தேடுவது

அப்பாவின் யோசனைக்கு வருகிறேன். பூட்டன் பேரில் எழுதிய ஆதாரம் ஒன்றுமே எங்களிடம் இல்லை. வைத்தியன்விளையைச் சுற்றியுள்ள நான்கு நிலத்துக்காரர்களிடம் போனேன். பாதிப் பேர் நான் சொத்துக் கேட்டு வந்திருக்கிறேன் என்றே நினைத்தார்கள். முதல் தடவை வெறுங்கையோடு திரும்பினேன். இரண்டாம் தடவை நாள்வழி நோட்டின் நகலை எடுத்துப் போய், "உங்க பாட்டா கை முறிஞ்சு எங்க பூட்டங்கிட்ட வந்திருக்காரு, பாருங்க" என்று காட்டினேன். உடனே நாற்காலி வந்தது, காப்பி வந்தது, பரணிலிருந்து ஆதாரக் கட்டும் வந்தது. பிறருடைய தாளைக் கேட்கப் போகும்போது அவர்களுடைய கதை ஒன்றைக் கையில் கொண்டு போங்கள்.

எல்லாம் மலையாளத்தில்தான் இருக்கும். குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்துப் பெரியவர்களில் பழைய மலையாளம் சரளமாகப் படிக்கிறவர்கள் இன்றும் உண்டு. எனக்கு ஓய்வுபெற்ற சக ஆசிரியை ஒருவர் படித்துத் தந்தார். முழுவதையும் படிக்கவேண்டாம், நான்கு எல்லை சொல்லும் பத்தி போதும். 1068-ஆம் ஆண்டு ஆதாரம் ஒன்றில் "கிழக்கு இன்னார் வைத்தியன் அனுபவம்" என்று இருந்தது. 1892-93 அது, ஆக அப்போது அந்த நிலம் அவர் கையில் இருந்தது, ஊரில் அவர் வைத்தியன் என்றே அறியப்பட்டார். 1096-ஆம் ஆண்டு ஆதாரத்தில் அதே எல்லை "மரித்த வைத்தியன் மக்கள் அனுபவம்" என்று மாறியிருந்தது. அது 1920-21. இரண்டுக்கும் நடுவில் அவர் போய்விட்டார்.

இப்போது சாமர்வெல் டாக்டர் கதைக்கு வாருங்கள். நெய்யூரில் லண்டன் மிஷனின் மருத்துவப் பணி 1838-இல் ராம்சே டாக்டரோடு தொடங்கியது. சாமர்வெல் 1922 எவரெஸ்ட் ஏற்றத்துக்குப் பிறகுதான் நெய்யூரையே பார்த்தார். 1924-இல் மறுபடியும் எவரெஸ்டுக்குப் போய் வந்தார். 1921-க்கு முன்பே மரித்தவரிடம் அவர் எப்படி வர்மம் கேட்பார்? கேட்டது உண்மையானால் பூட்டனின் மகனிடம், அதாவது என் பாட்டாவிடம் கேட்டிருக்கலாம். குடும்பக் கதைகளில் இது சாதாரணம்: மகனுக்கு நடந்தது அப்பனுக்குப் போய்விடும், பெரிய ஆளுக்கே பெரிய கதை சேரும். ஆகவே கதையைப் பொய் என்று தூக்கிப் போடாதீர்கள், ஒரு தலைமுறை கீழே இறக்கிப் பாருங்கள். லண்டன் மிஷன் சங்கத்தின் பழைய தாள்கள் லண்டனில் சோவாஸ் கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. உங்கள் குடும்பத்தில் யாராவது நெய்யூரில் கம்பவுண்டராகவோ டிரெசராகவோ இருந்திருந்தால் அங்கே எழுதிக் கேட்கலாம்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் மிகப் பழைய ஆதாரங்களின் நகல் வேண்டுமானால் நேரில் மனுக் கொடுத்துக் கைத்தேடல் செய்யவேண்டும். ஆண்டும் எழுதிக்கொடுத்தவர் பேரும் இல்லாமல் போனால் கதை நடக்காது. நான் போன ஓர் அலுவலகத்தில் மூன்று முறை அலைக்கழித்தார்கள், நான்காவது முறை ஐந்தே நிமிஷத்தில் எடுத்துத் தந்தார்கள். திருவிதாங்கூர் அரசின் பதிவுகள் திருவனந்தபுரத்தில் கேரள அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் சபையின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவேடுகள் எல்லாவற்றையும்விட எளிது. நாள், பெற்றோர், சில சமயம் தொழில்கூட இருக்கும். எங்கள் பூட்டனின் அண்ணன் கிளை சபையில் சேர்ந்ததால் அவர்களுக்கு ஒரே மத்தியானத்தில் நான்கு தலைமுறை கிடைத்தது. எனக்கு மூன்று வருஷம்.

நாஞ்சில்நாட்டில், சொத்து சகோதரி பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள் வழிக் குடும்பமாக இருந்தால் ஒரு கண்ணி இருக்கிறது. தோவாளையைச் சேர்ந்த என் சிநேகிதி, ஆதாரத்தில் அனந்திரவன் என்று கண்ட இடத்திலெல்லாம் மகன் என்று எழுதிக்கொண்டு போனாள். அது சகோதரி மகன். பிள்ளைகளுக்குக் கிடைத்த பங்கை உகந்துடைமை என்று தனியாகச் சொல்லியிருக்கும். வைத்தியத்தை மகனுக்குச் சொல்லிக்கொடுத்து, சொத்தை மருமகனுக்கு விட்ட வைத்தியரும் இருந்திருப்பார். 1926-இல் வந்த நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டத்துக்குப் பிறகு எழுதிய பாகப் பத்திரங்களில் குடும்பம் முழுவதும் பெயர் பெயராக வரும், அதைத்தான் முதலில் தேடவேண்டும்.

கடைசித் தலைமுறை வைத்தியர் என்றால் சுவரில் மாட்டிய சான்றிதழைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். என் பாட்டாவின் சான்றிதழ் 1953-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சி மருத்துவர் சட்டத்தின் கீழ் வந்தது. சான்றிதழின் மரச்சட்டகத்துக்குள் பழைய பெயர்ப்பலகையை மடித்துச் செருகியிருந்தார்கள், தகரத்தில் மேலே மலையாளம், கீழே தமிழ்.

பெரியவர்களிடம் கேட்பது

"எப்போ பிறந்தீங்க, அவர் எப்போ செத்தார்?" என்று கேட்டால் பதில் வராது. ஏதாவதொரு முளையில் கட்டிக் கேளுங்கள். பேச்சிப்பாறை அணை (1906), வெள்ளம் (1924), கோயில் எல்லோருக்கும் திறந்தது (1936 நவம்பர்), தமிழ்நாட்டோடு சேர்ந்தது (1956). பாட்டாவின் மகளான தொண்ணூற்றொரு வயது அத்தையிடம் நான் முதலில் நேராகக் கேட்டபோது, "அதெல்லாம் எனக்கெங்க தெரியும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி போனபோது எண்ணெய்க் காய்ச்சைப் பற்றிக் கேட்டேன். கண் மலர்ந்துவிட்டது. எந்த மரத்து விறகு, எந்தப் பதத்தில் இறக்குவது, காயத்திருமேனி எண்ணெய் காய்ச்சும் நாளில் பெண்டுகள் ஏன் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் சொன்னார்: "எங்கப்பன் முதமுத தனியா எண்ணெ காச்சினது பதினாறு கழிஞ்ச மறுநாள்னு அம்ம சொல்லுவா. அடுப்புல தீயெரிய அப்பன் கண்ணுல தண்ணி."

பதினாறு என்றால் மரித்தவருக்குப் பதினாறாம் நாள் காரியம். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து இரண்டாவது நாள்வழியை மறுபடி எடுத்தேன். அதுவரை நான் வரிகளைத்தான் படித்திருந்தேன், வரி இல்லாத இடத்தைப் பார்க்கவில்லை. பழைய நோட்டுப் படிக்கிறவர்கள் இதையும் செய்யுங்கள்: ஒரு தடவை எழுத்தைப் படிக்காமல், நோட்டைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். மை மாறுவது, கை மாறுவது, இடைவெளி எல்லாம் அப்போதுதான் தெரியும்.

1094 புரட்டாசியில் பக்கங்கள் நெருக்கமாக இருக்கின்றன. "காய்ச்சல்", "காய்ச்சல்", "வீட்டோடு காய்ச்சல்". அது 1918, இந்தியா முழுவதும் இன்புளுயன்சா பரவிய மாதங்கள். ஐப்பசி 9 வரை அதே சாய்ந்த எழுத்து. அதற்குப் பிறகு வெற்றுத்தாள் இல்லை, இரண்டு விரல் அகலம் வெறும் இடம். அடுத்த தேதி ஐப்பசி 26. எழுத்து நிமிர்ந்து, கொஞ்சம் பெரிதாக, அழுத்தி எழுதியிருக்கிறது. என் பாட்டாவின் கை அது, சான்றிதழ்க் கையெழுத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டேன். காய்ச்சலில்தான் போனார் என்று குறிப்பேட்டில் பென்சிலால் மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். 1094 ஐப்பசி என்பதை மையால் எழுதினேன்.

புதிய கையில் முதல் வரி இது: திங்கள்நகர், சிறுவன், இடது முன்கை, மூங்கில் பத்தை வைத்துக் கட்டியது, ச 4, வரவில்லை.